கோமாரிக்கு எல்லைக்கோடு தெரியாது: கால்நடை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்நடை மருத்துவராக வேலை பார்த்த ஆண்டுகளில் தொழுவங்களிலும் வாரச்சந்தைகளிலும் தடுப்பூசி முகாம்களிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சில கேள்விகளுக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டு முழுப் பதில் சொல்ல நேரம் இருந்ததில்லை. இங்கே சொல்கிறேன்.

கோமாரியை எப்படி அடையாளம் காண்பது?

காணை, கால்காணை, கால்வாய் நோய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், நோய் ஒன்றுதான். பிளவுபட்ட குளம்புள்ள மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாவற்றையும் தாக்கும் வைரஸ் நோய். குதிரைக்கு வராது.

முதல் நாள் காய்ச்சல் 104, 105 டிகிரி வரை ஏறும். மாடு தீவனத்தைத் தொடாது. மறுநாள் விடிகாலையில் தொழுவத்துக்குப் போனால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்துவிடும்: மாடு வாயைச் சப்புக்கொட்டும் சத்தம். எச்சில் கயிறு கயிறாகத் தரை வரை தொங்கும். வாயைத் திறந்து நாக்கைப் பிடித்தால் மேல்தோல் கையோடு உரிந்து வரும். அடியில் ரத்தச் சிவப்பாகப் புண் தெரியும். குளம்பின் இடுக்கிலும் மடிக்காம்பிலும் அதே கொப்புளங்கள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி உதறும்.

பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். கன்றுகள்தான் பாவம். நோயுள்ள தாயிடம் பால் குடித்த கன்று, வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், நின்றபடியே விழுந்து செத்துப்போகும். வைரஸ் அதன் இதயத் தசையைச் சிதைத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேல் வெளிறிய வரிகள் இருக்கும்; ‘புலி இதயம்’ என்று எங்கள் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லும். பிழைத்த கறவையும் பழைய கறவையாக இருப்பதில்லை. பால் குறையும், சினை கலையும், சில மாடுகள் வெயில் ஏறினாலே நாக்கை நீட்டி மூச்சிரைக்கும். கோமாரி பெரிய மாட்டைக் கொல்வதில்லை என்று சொல்பவர்களிடம், அப்படி மூச்சிரைக்கும் மாட்டை வைத்துக் கடன் அடைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

என் தொழுவத்து மாட்டுக்கும், கோமாரி பற்றிப் பாரீஸ், ரோம் நகரங்களில் பல நாடுகள் கூடி நடத்தும் கூட்டங்களுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்த வைரஸ் எச்சிலில், பாலில், சாணத்தில், மூச்சுக்காற்றில், தரகரின் செருப்பில், லாரியின் சக்கரத்தில் பயணம் செய்யும். 1981இல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் பன்றிகளிடமிருந்து கிளம்பிய வைரஸ், கடல் மேல் காற்றிலேயே 250 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கிலாந்தின் வைட் தீவு மாடுகளைப் பிடித்தது.

நம் பகுதியிலிருந்து கிளம்பியதும் உண்டு. 1990இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட ‘பான் ஆசியா’ என்ற கிளை (கோமாரி வைரஸின் ஏழு வகைகளில் ‘ஓ’ வகையைச் சேர்ந்தது), பத்தே ஆண்டுகளில் சீனா, தைவான், கொரியா, ஜப்பான் வரை போனது. 2000இல் கப்பலிலிருந்து இறக்கிய எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டதால் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. 2001இல் பிரிட்டனில் வெடித்தது. அடுத்து ‘இந்தியா 2001’ என்று பெயரிடப்பட்ட இன்னொரு கிளை இலங்கையிலும் பரவியது. 2013இல் லிபியா, 2014இல் துனிசியா, அல்ஜீரியா, பிறகு தென்கிழக்கு ஆசியா, 2022இல் இந்தோனேசியா என்று சுற்றியது.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உலகிலேயே மிக அதிகமான மாடுகளும் எருமைகளும் இருக்கும் தெற்காசியாவில் வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் நம் தொழுவத்தில் நடப்பது நம்மோடு முடிவதில்லை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நாடுகள் ஒன்றுசேர்ந்தது எப்போது?

கதை ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது. 1920இல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய நாட்டு மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு வந்த வெக்கை நோய் (கோமாரி அல்ல, மாடுகளைக் கொல்லும் வேறொரு நோய்) பெல்ஜியத்து மாடுகளைத் தாக்கியது. ஒரு நாட்டில் நோய் வந்தால் மறைக்காமல் மற்ற நாடுகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் ஒப்பந்தமாக மாறியது. 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் கையெழுத்திட்டு, பாரீசைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கின. ஐ.நா. சபையைவிட மூத்த அமைப்பு அது. இன்று அதன் பெயர் உலக விலங்குகள் சுகாதார அமைப்பு.

கோமாரிக்கென்றே தனியாக 1951இல் ரியோ டி ஜெனிரோவில் அமெரிக்கக் கண்டங்களுக்கான மையம் ஒன்று வந்தது, சுருக்கமாகப் பனாஃப்டோசா. ஐரோப்பா முழுவதையும் 1951, 52இல் கோமாரி உலுக்கி எடுத்த பிறகு, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கீழ் 1954இல் ரோம் நகரில் ஐரோப்பியக் கோமாரி ஆணையம் அமைந்தது. 1958இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகம் கோமாரிக்கான உலக மேற்கோள் ஆய்வகமாக ஏற்கப்பட்டது.

அந்த ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்?

பல நாடுகள் அனுப்பும் கொப்புளத் தோல் துணுக்குகளைப் பிரித்து, எந்த வகை, எந்தக் கிளை, அது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று மரபணு வரிசையை வைத்துச் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்தின் முகச்சாயலைப் பார்த்து இவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதைப் போன்ற வேலை. கையில் இருக்கும் தடுப்பூசி இந்தப் புதிய கிளைக்கு ஈடுகொடுக்குமா என்றும் சோதிக்கிறார்கள். இந்தப் பணியில் அவர்கள் தனியாக இல்லை. பல நாட்டு ஆய்வகங்கள் ஒரு வலைப்பின்னலாக இயங்குகின்றன. இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது, முன்பு குமாவுன் மலையில் முக்தேஸ்வரில் இருந்து இப்போது புவனேஸ்வர் அருகே அருகுலில் இயங்கும் தேசியக் கோமாரி நோய் நிறுவனம்.

பிர்பிரைட்டையும் புகழ்ந்து மட்டும் பேசிவிட முடியாது. 2007இல் அங்கிருந்த வளாகத்தின் பழுதான கழிவுநீர்க் குழாய் வழியே வைரஸ் கசிந்து, சுற்றியிருந்த பண்ணைகளில் நோய் வந்தது. உண்மை விசாரித்து வெளியிடப்பட்டது என்பதுதான் அதில் மதிக்கத்தக்க பகுதி.

ஊசி போட்டும் என் மாட்டுக்கு வந்துவிட்டதே, தடுப்பூசி போலியா?

போலி என்று அவசரப்பட வேண்டாம். இந்த வைரஸில் ஏழு வகைகள்: ஓ, ஏ, சி, ஆசியா 1, ஆப்பிரிக்காவுக்குரிய சாட் 1, சாட் 2, சாட் 3. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளேயும் கிளைகள் விலகிப் போகும். இந்தியாவில் இப்போது போடுவது ஓ, ஏ, ஆசியா 1 மூன்றும் சேர்ந்த ஊசி. சி வகை உலகில் எங்கும் 2004க்குப் பிறகு காணப்படவில்லை; இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் முழுதாக மறைந்துவிட்டதாகத் தோன்றும் ஒரே வகை அதுதான்.

அதோடு, ஊசியின் காப்பு நான்கு முதல் ஆறு மாதம் வரைதான். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்தாலும் கெடும், ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் கெடும். முகாமில் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்திருப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை. ஏதோ ஒரு நாட்டு ஆய்வகத்தில் தொடங்கிய உழைப்பு முழுவதும் அந்தத் திறந்த மூடி வழியே போய்விடுகிறது.

வெக்கையை ஒழித்தோமே, கோமாரியை ஏன் ஒழிக்க முடியவில்லை?

நல்ல கேள்வி. நம் முன்னோரின் மந்தைகளையே காலி செய்த வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அங்கே வேலை சுலபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெக்கைக்கு ஒரே தடுப்பூசி போதும், காப்பு வாழ்நாள் முழுதும் நிற்கும், பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரிவதில்லை.

கோமாரியில் மூன்றுமே தலைகீழ். வகைகள் ஏழு. காப்பு சில மாதம். குணமான மாட்டின் தொண்டையில் வைரஸ் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் தங்கியிருக்கலாம். ஆப்பிரிக்கக் காட்டெருமையில் இன்னும் அதிகம். வெக்கையில் மாடு செத்தது, அதனால் அரசுகள் பதறின. கோமாரியில் பெரும்பாலும் மாடு சாவதில்லை, அதனால் பதற்றம் குறைவு. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

நோய் வந்த மாடுகளையெல்லாம் கொன்றுவிட்டால் தீர்ந்துவிடாதா?

சில இடங்களில் தீர்ந்திருக்கிறது. எந்த விலைக்கு என்று பார்க்க வேண்டும். 1946இன் இறுதியில் மெக்சிகோவில் கோமாரி வந்தது. அமெரிக்காவும் மெக்சிகோவும் 1947இல் கூட்டு ஆணையம் அமைத்து, நோயுள்ளவற்றையும் அருகில் இருந்தவற்றையும் சுட்டுப் புதைத்தன. சுமார் பத்து லட்சம் கால்நடைகள். அங்கே ஏழை விவசாயியின் சொத்தே ஓர் ஏர் மாடுதான். உழவு மாட்டைக் கொன்றுவிட்டுப் பதிலாகக் கோவேறு கழுதையைக் கொடுத்தார்கள். அதற்கு அந்த மண்ணும் ஏரும் பழக்கமில்லை. 1947 செப்டம்பரில் மிச்சோவாகான் மாநிலத்தில் ஒரு கிராமத்து மக்கள் கொதித்தெழுந்து, வந்த கால்நடை மருத்துவரையும் படைவீரர்களையும் கொன்றார்கள். அதன் பிறகே ஆணையம் கொலையைக் குறைத்துத் தடுப்பூசிக்கு மாறியது. 1954இல் மெக்சிகோ நோயிலிருந்து விடுபட்டது.

2001இல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பெரும்பாலும் ஆடுகள்; அவற்றில் எத்தனையோ ஆடுகளுக்கு நோயே இல்லை. நம்மிடம் இந்த வழி நடக்காது, நடக்கவும் கூடாது. உழவு மாட்டின் கொம்புக்குப் பொங்கலன்று மஞ்சள் பூசும் வீட்டில் போய், சுட்டுப் புதைப்போம் என்று சொல்லும் திட்டம் ஒரு நாள்கூட நிற்காது. மறைத்துவிடுவார்கள். மறைத்தால் பரவும்.

அப்படியானால் கூட்டு முயற்சி ஜெயித்த இடம் எது?

தென் அமெரிக்கா. நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஏனென்றால் அவர்கள் ஊசியை நம்பி ஜெயித்தார்கள்.

அங்கே மாடுகள் மேய்ச்சலுக்கும் விற்பனைக்கும் நாடு விட்டு நாடு நடந்தன. ஒரு நாடு மட்டும் ஊசி போட்டால் பக்கத்து நாட்டிலிருந்து நோய் திரும்பி வந்தது. பனாஃப்டோசா மையம் எண்ணெய் கலந்த தடுப்பூசியை உருவாக்கிப் பரப்பியது. பழைய ஊசியைவிட அதன் காப்பு நீண்ட நாள் நின்றது. 1988இல் கண்டம் முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் ஏற்கப்பட்டது. எந்த மாடு எந்த மாதத்தில் எந்த வழியாக எங்கே போகிறது என்று வரைபடம் போட்டார்கள். நோய் நிலையாகத் தங்கும் பகுதி, வந்து போகும் பகுதி, வராத பகுதி என்று பிரித்து, தங்கும் பகுதியில் முதலில் கை வைத்தார்கள். எல்லைக்கு இரு பக்கமும் ஒரே பருவத்தில் ஊசி. மாடு வளர்ப்போர் சங்கங்கள் அரசு அதிகாரிகளோடு உட்கார்ந்து முடிவெடுத்தன. பல இடங்களில் மருந்தை விலை கொடுத்து வாங்கிப் போட்டவர்களும் அவர்களே.

நடுவில் பெரிய சறுக்கலும் வந்தது. 2000ஆம் ஆண்டில் நோயற்ற நாடு என்று பெயர் வாங்கியிருந்த அர்ஜென்டினாவில் கோமாரி மீண்டும் தலைகாட்டியது. முழு உண்மை 2001 மார்ச்சில்தான் அதிகாரப்பூர்வமாக வெளியே வந்தது. அதற்குள் நோய் ஊன்றிவிட்டது. உருகுவேயும் தெற்குப் பிரேசிலும் அடிபட்டன. உருகுவே முதலில் சில மந்தைகளைக் கொன்று பார்த்தது, முடியவில்லை என்று தெரிந்ததும் நாட்டின் மாடுகள் அனைத்துக்கும் ஊசி போட்டு அடக்கியது.

அங்கிருந்து மறுபடி எழுந்தார்கள். 2025 மே மாதம் பிரேசிலும் பொலிவியாவும், இனி ஊசிகூடத் தேவைப்படாத, நோயற்ற நாடுகளாக அறிவிக்கப்பட்டன. பிரேசிலில் இருபது கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய மந்தையில் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

‘நோயற்ற நாடு’ என்ற சான்று யாருக்கு லாபம்?

கோமாரி உள்ள நாட்டின் மாட்டையும் இறைச்சியையும் பால் பொருளையும் பல நாடுகள் வாங்குவதில்லை. உலக வர்த்தக அமைப்பின் 1995ஆம் ஆண்டு உடன்பாடு இதற்கான அளவுகோலாகப் பாரீஸ் அமைப்பின் விதிகளை ஏற்கிறது. 1996 முதல் அந்த அமைப்பு நோயற்ற நாடுகளின் பட்டியலை வெளியிடுகிறது. ஊசி போடாமலே நோயற்ற நாடு, ஊசி போட்டு நோயற்ற நாடு, நாட்டின் ஒரு பகுதி மட்டும் நோயற்ற மண்டலம் என்று படிநிலைகள் உண்டு. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்து போன மாட்டையும் ரத்தத்தில் பிரித்தறியும் சோதனை வந்த பிறகே இந்த நடுப்படிக்கு மதிப்பு கூடியது.

ஏற்றுமதியாளருக்கு லாபம் என்பது வெளிப்படை. ஆனால் நோயால் ஏற்படும் நஷ்டத்தின் பெரும்பங்கு ஏழை நாடுகளின் சிறு வளர்ப்போர் தலையில்தான் விழுகிறது. இரண்டு கறவை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் பெண்ணுக்கு, ஒரு மாதம் பால் நின்றால் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். சான்றிதழை நான் அவருக்காகத்தான் விரும்புகிறேன்.

பின்தங்கிய நாடுகள் எங்கிருந்து தொடங்குவது?

2012இல் பாங்காக் மாநாட்டில் உலகக் கோமாரிக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்கப்பட்டது. அதன் மையம் சுழியம் முதல் ஐந்து வரையான படிக்கட்டு. முதலில் நோய் எங்கே, எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்வது. பிறகு ஆபத்தான இடங்களில் கட்டுப்படுத்துவது. பிறகு நாடு முழுதும் ஒழிப்பது. ஒரே பகுதியின் நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தியா என்ன செய்கிறது?

2003-04இல் 54 மாவட்டங்களில் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் படிப்படியாக விரிந்து, 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டமாக மாறியது. கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் சேர்த்து ஐந்து ஆண்டுக்கு 13,343 கோடி ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவச ஊசி. காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை. ஊசி போட்டே 2030க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு.

தமிழ்நாடும் கர்நாடகமும் 2013இல் கோமாரியால் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சினை மாடு, பால் குறையும் என்று சொல்லி முகாமன்று மாட்டைக் கொல்லையில் கட்டிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், அது திரும்பிவிடும். பத்து வீட்டில் மூன்று வீடு ஒதுங்கினால் அந்த ஊர் முழுவதற்கும் கதவு திறந்ததுதான்.

ஒரு முறை ஒழித்துவிட்டால் கவலை விட்டதா?

இல்லை. 1990இல் சர்வதேசச் சான்று பெற்ற இந்தோனேசியாவில் 2022இல் நோய் திரும்பியது. ஆஸ்திரேலியா உட்படப் பக்கத்து நாடுகள் தடுப்பூசியோடு ஓடி வந்தன. 2025 ஜனவரியில் பெர்லின் அருகே ஒரு சிறு எருமை மந்தையில் கோமாரி கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் 1988க்குப் பிறகு அதுவே முதல் முறை. மார்ச்சில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா. அங்கெல்லாம் அவசரத்துக்கென்று மருந்தின் மூலப்பொருளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சேமித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் 1982 முதல் இப்படி ஒரு சேமிப்பைப் பொதுவில் வைத்திருக்கின்றன.

மனிதருக்கு வருமா? பால் குடிக்கலாமா?

மனிதரைத் தாக்குவது மிக அரிது. குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வருவது வேறு வைரஸ், குழப்பிக்கொள்ள வேண்டாம். நோயுள்ள மாட்டின் பாலை விற்காதீர்கள், கன்றுக்கும் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலையில் என் மாடு சப்புக்கொட்டினால் நான் என்ன செய்வது?

முதலில் அதைத் தனியே கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். சந்தைக்கு ஓட்டாதீர்கள். வந்தது வரட்டும் என்று பாதி விலைக்குத் தள்ளிவிடும் மாடுதான் அடுத்த தாலுகாவுக்கும் அடுத்த மாநிலத்துக்கும் நோயைக் கொண்டுபோகிறது. நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ சலவைச் சோடா கரைத்துத் தொழுவத்தைக் கழுவுங்கள். காரத்தை இந்த வைரஸ் தாங்காது. வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவலோடு அரைத்துத் தடவலாம். தஞ்சாவூரில் உள்ள நம் கால்நடைப் பல்கலைக்கழக மையம் பரப்பிய முறை இது. புண் ஆறவும் மாடு சீக்கிரம் தீனி எடுக்கவும் உதவும். வைரஸைக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம்.

அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மருத்துவர் வந்து நாக்கின் கொப்புளத் தோலில் ஒரு கிராம் அளவு எடுத்து, கிளிசரின் கலந்த திரவம் உள்ள சிறு குப்பியில் போட்டு, ஐஸில் வைத்து அனுப்புவார். அந்தக் குப்பி புவனேஸ்வர் போகும். தேவைப்பட்டால் கடல் கடந்தும் போகும். அடுத்த முறை உங்கள் மாட்டுக்குப் போடும் ஊசியில் எந்தக் கிளை இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கொப்புளம் உடைந்த முதல் இரண்டு, மூன்று நாட்களில் எடுத்தால்தான் தோலில் வைரஸ் நிறைய இருக்கும். பிறகு புண் ஆறிவிடும், குப்பியில் போட ஒன்றும் இருக்காது.